அவிழ்த்துவிட்டவள்

நாய்க்குப் போய் யாராவது பூரி என்று பேர் வைப்பார்களா? எங்கள் மோகனப்பிரியா டீச்சர் வைத்திருந்தார். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டு ஹோட்டல் வாசலில் பூரிக்காக வாலாட்டிக்கொண்டு நின்றதாம், அப்படியே டீச்சர் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டதாம். அந்தப் பேரைத்தான் அன்றைக்குக் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் தோணிரேவு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். "பூரீ... பூரீ..." பள்ளிக்கூட மாடியில் ஒதுங்கியிருந்த ஜனமெல்லாம் சிரித்தது. "வளர்மதிக்குப் பசி போலக்கீது, யாராவது பூரி சுட்டுக் குடுங்கப்பா" என்று ஒருத்தன் கேலி பேசினான். சிரித்துத் தொலையட்டும். என் வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

டீச்சருக்கு ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இங்கே வேலைக்கு வந்தவர், ஏரியை ஒட்டின கடைசி வீட்டை வாடகைக்குப் பிடித்து அந்த நாயோடு தனியாக இருந்தார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நாலு தென்னை மரமும் ஒரு வலை காயப்போடும் மணல்வெளியும்தான். ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். ஊரில் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன், போயே ஆகவேண்டும், வீட்டையும் பூரியையும் பார்த்துக்கொள்ள வேறு யாரையும் தெரியாது என்றார்.

"ஐயே, இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கெஞ்சறீங்க? நாய் தானே? போய்ட்டு வாங்க டீச்சர். நைனாவ நல்லாப் பாத்துக்கோங்க" என்றேன்.

சாவியைக் கொடுக்கும்போது டீச்சர் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பையோடு நின்று அவசர அவசரமாகச் சொன்னார். தட்டை முன்னால் காட்டிவிட்டு வையுங்கள், தூங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், அப்புறம் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்ன ஆனாலும் வெளியில மட்டும் அவுத்து விட்டுடாதீங்க."

"ஏன் டீச்சர், கடிக்குமா?"

"சேச்சே, கடிக்காது. பழக்கமில்ல, அவ்வளவுதான்."

ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். டீச்சர் ஏறிக்கொண்டார். எனக்கும் நான் வேலை பார்க்கிற நண்டு கம்பெனிக்கு நேரமாகியிருந்தது. பழக்கமில்லை என்றால் என்ன பழக்கம் என்று நானும் குடைந்து கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பூரி ஒரு கிழட்டு நாய். உடம்பெல்லாம் வெள்ளை, முதுகில் மட்டும் பழுப்புத் திட்டு. அதன் திமிர் இருக்கிறதே, அப்பப்பா! கூப்பிட்டால் திரும்பாது. கேட்டைத் தடாலென்று திறந்துகொண்டு உள்ளே போனாலும் எனக்கென்ன வந்தது என்று படுத்துக்கிடக்கும். நாம் எதிரில் போய் நின்றால்தான் எழுந்து வாலாட்டும். அப்புறம் வைத்த கண் வாங்காமல் நம் முகத்தையே பார்க்கும். பெரிய கலெக்டர் என்று நினைப்பு.

"டீச்சர் வூட்டு நாய் இல்லையா, நம்ம பேச்சு அதுக்கு மட்டமாகீது போல. கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது" என்று என் வீட்டுக்காரர் சுபாஷிடம் சொன்னேன்.

"நீ கூப்புட்றதக் கேட்டா நானே திரும்ப மாட்டேன். நாய்க்கு அறிவு கீது" என்றது அது. என் புருஷனைத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் அந்த நாய் மேல் எனக்கு ஆசை விழுந்துவிட்டது. சோறு வைத்தால் உடனே வாய் வைக்காது. முதலில் என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளும், பிறகுதான் சாப்பிடும். என் வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு அந்த மரியாதை கிடையாது. சாயங்காலமானால் ஒரு போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்புவேன். டீச்சர் கைகூப்புகிற பொம்மை அனுப்புவார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. சாதாரண மழையில்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முகத்துவாரம் மண் மூடிக் கிடந்ததால் ஏரித்தண்ணீர் கடலுக்குள் இறங்கவில்லை, மேலேயிருந்து ஆற்றுத்தண்ணீர் வேறு வந்து சேர்ந்துகொண்டது. மதியத்துக்குள் மைக் கட்டின ஆட்டோ வந்து எல்லோரையும் பள்ளிக்கூட மாடிக்குப் போகச் சொல்லிவிட்டது. என் வீட்டில் இருந்ததை மூட்டை கட்டி எங்கள் படகில் போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். தண்ணீர் அதற்குள் வாசற்படி ஏறி, கூடத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பூரி ஜன்னல் கம்பியில் கட்டிய சங்கிலியோடு கட்டில்மேல் நின்றது.

எங்கள் ஊரில் தண்ணீர் ஏறினால் முதல் வேலை கயிற்றை அவிழ்ப்பதுதான். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவதுகூட அதற்கு அப்புறம்தான். ஆடு, மாடு, நாய், எதுவானாலும் சரி, கட்டிப்போட்ட பிராணி தண்ணீரில் செத்தால் அந்த வீட்டுக்காரியின் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். அவிழ்த்துவிட்டால் அது தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்ளும். முதலில் போகிற நாய்கள் கரைமேட்டில் ஏறிக் குரைக்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற நாய்களும் நீந்திப் போய்ச் சேரும். தண்ணீர் வடிந்ததும் உடம்பெல்லாம் பாசியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும். எத்தனையோ வெள்ளத்தில் இதுதான் நடந்திருக்கிறது.

டீச்சருக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற மனுஷி, எங்கே எடுப்பார்? கூட்டிக்கொண்டு போகலாமென்றால் மாடியில் மனுஷன் கால் வைக்கவே இடமில்லை, நாயைக் கொண்டுபோனால் கீழே தள்ளிவிடுவார்கள். "மே! வரியா இல்லியா? தண்ணி ஏறுது!" என்று சுபாஷ் படகிலிருந்து கத்தினது.

என்ன ஆனாலும் என்று டீச்சர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. அதெல்லாம் வெயில் நாளைக்குச் சொன்னது, வெள்ளத்துக்குச் சொன்னதில்லை என்று நினைத்தேன். கட்டியே வைத்து அது செத்துப்போனால் டீச்சருக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? சங்கிலியைக் கழற்றினேன். வாசல்வரை இழுத்து வந்தேன். கரைமேட்டில் நாய்கள் உயிர் போகிற மாதிரி குரைத்துக்கொண்டிருந்தன.

"தோ, அங்க கொலைக்குதுங்க பாரு. அங்க போய்டு. போடா!"

அது போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. முதுகில் ஒன்று வைத்தேன். அப்போதும் என்னைத்தான் பார்த்தது. எத்தனை சொன்னாலும் புரியாத ஜென்மம் என்று திட்டிவிட்டுப் படகில் ஏறினேன். கோபத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது, வாடைக்காற்று மட்டும் விடவில்லை. கரைமேட்டில் ஊர் நாய்கள் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நொண்டி நாய்கூட இருந்தது. பூரி இல்லை. டீச்சர் வீட்டு வாசலில் தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது, உள்ளே கட்டில் மிதந்தது, அங்கேயும் இல்லை. கூப்பிட ஆரம்பித்தேன். தென்னந்தோப்பு, ஐஸ் பேக்டரி பக்கம், மாதா கோயில் பின்புறம் என்று ஒரு இடம் விடவில்லை. கூப்பிட்டுவிட்டு ஒரு குரைப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். வராது. அடுத்த இடத்துக்குப் போவேன். போகப் போகத் தொண்டை தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. செத்துப்போயிருக்குமோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இன்னும் பலமாகக் கத்தினேன்.

அப்போதுதான் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நேத்து கூப்பிட்டிருந்தீங்க, பாக்கவே இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல அப்பாவை உள்ள கொண்டுபோறாங்க. டிவில பழவேற்காடு காட்டுறான், எனக்குக் கை கால் ஓடல. பூரி எப்படி இருக்கு?"

பொய் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்ல நினைத்திருந்தாலும் அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு சொல்லியிருக்க முடியாது. "தண்ணி ஏறிச்சு டீச்சர், அவுத்து வுட்டேன். காணோம். காலையிலேர்ந்து கூப்ட்டுகினே கீறேன், ஒரு சத்தமும் வரல."

"கூப்பிட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"தொண்ட கிழியக் கூப்ட்டேன் டீச்சர்."

"அக்கா... அதுக்குக் காது கேக்காது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிடலாம் போல ஆகிவிட்டது. காலையிலிருந்து ஊரைக் கூட்டிக் கத்தினேனே! நேற்று அந்த வாசலில் குரைக்கிற பக்கம் போ, போ என்று அடித்து விரட்டினேனே! அதற்கு எந்தக் குரைப்பு கேட்டது? அது பாட்டுக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கே போகவேண்டும் என்று அந்த முகத்தில்தானே தேடியிருக்கும், பாவி மகள் நான் கடுகடுவென்று வைத்திருந்தேன்.

"ஒரு வார்த்த! ஒரே வார்த்த சொல்லக்கூடாதா டீச்சர்? செவிடுன்னு சொல்லியிருந்தா தலையில தூக்கி வச்சிகினு போயிருப்பேனே! அவுக்காத அவுக்காதன்னா எனக்கு இன்னா தெரியும்?"

டீச்சர் அழுதார். "முன்னாடி இருந்த ஊர்ல சொன்னேன்கா. பசங்க வேணும்னே பின்னால போய் வெடி வச்சாங்க. அதுக்கு நடுக்கம் நிக்கவே ரொம்ப நாளாச்சு. அதான் இங்க யார்கிட்டயும் மூச்சு விடல. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இப்ப இன்னா பண்றது? சொல்லுங்க, சீக்கிரம்!"

"அது கண்ணுல நீங்க படணும்கா. எட்டத்துல நின்னு ரெண்டு கையையும் நல்லா விரிச்சா வந்துடும். அது ஒண்ணுதான் வழி..." அத்தோடு லைன் போய்விட்டது.

அந்த நிமிஷம் டீச்சர் எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். என் கன்னத்திலும் ஒன்று விட்டுக்கொண்டிருப்பேன். ஓடிப்போய் சுபாஷிடம் சொன்னேன். வழக்கமான கேலி எதுவும் பேசாமல் அது படகை அவிழ்த்தது. ஊருக்குள் தேடியாகிவிட்டது, இனி ஏரிப்பக்கம்தான் பார்க்க வேண்டும். ஏரிக்குள் கொஞ்ச தூரம் போவதற்குள் எதிரே கிருஷ்ணன் அண்ணன் படகில் வந்தார். பக்கத்துத் தெருக்காரர், ஆடுகளை மணல்திட்டில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்.

"ண்ணா, வெள்ளையா ஒரு நாய் பாத்தியா? முதுகுல பழுப்பா இருக்கும்."

"பாத்தேனே. திட்டுமேலதான் கீது. அது உங்க நாயா? வெறி புடிச்சிகீதும்மா அதுக்கு. கூப்ட்டா திரும்பல, விசில் அடிச்சா திரும்பல, செல வச்ச மாதிரி நிக்கிது. நம்ம பிரபாகரன் பின்னாலேர்ந்து வால தொட்டான், பாஞ்சி கையக் கவ்விடுச்சு. ஆடுங்கள்லாம் அங்கதான் நிக்கிதுங்க, வுட்டா எல்லாத்தையும் கடிச்சிடும்னு கட்டை எடுத்துகினு நிக்கிறாங்க."

சுபாஷ் பக்கம் திரும்பினேன். "யோவ், வுடுய்யா! வேகமா வுடு!"

எங்கே வேகமாக விடுவது? தண்ணீருக்கடியில் வேலியும் வலைக்கம்பும் எங்கே இருக்கிறதென்று தெரியாது, இன்ஜினைப் போட்டால் சுற்றிக்கொண்டுவிடும். சுபாஷ் மூங்கில் கோலை ஊன்றி ஊன்றித் தள்ளியது. வாடை எதிரே அடித்தது. ஒரு முழம் முன்னால் போனால் அரை முழம் பின்னால் தள்ளியது. நான் கையாலேயே தண்ணீரை வாரி வாரி இழுத்தேன். அதனால் என்ன ஆகும்? ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

திட்டு கண்ணுக்குத் தெரிந்தது. சவுக்கு மரங்களை ஒட்டி ஆடுகள் ஒடுங்கி நின்றன. இந்தப்பக்கம் தண்ணீர் ஓரத்தில், ஏரியைப் பார்த்துக்கொண்டு பூரி. அதற்குப் பின்னால் அரைவட்டமாக ஆட்கள், கையில் கட்டை. அவர்கள் ஒரு எட்டு முன்னால் வைத்தார்கள். அதற்குத் தெரியவில்லை. இன்னொரு எட்டு வைத்தார்கள். அதற்குத் தெரியவில்லை.

"அடிக்காதீங்க! அதுக்குக் காது கேக்காது! வெறி இல்ல!"

கத்தினேன் என்றுதான் பேர். இருந்த கொஞ்சம் குரலையும் காற்று என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு பின்னால் போனது. சுபாஷ் கத்தினது, அதுவும் போகவில்லை. திட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தக் காற்றில் காது கேட்கவில்லை. அந்த நாயைப் போலவே நின்றார்கள் எல்லோரும்.

படகில் எழுந்து நின்றேன். "உக்காருமே, கவுந்துடும்!" என்று சுபாஷ் அலறினது. தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றினேன். பிரபாகரன் பார்த்தான். பார்த்துவிட்டு என்ன செய்தான் தெரியுமா? வருகிறோம், வருகிறோம் என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுக் குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தான். நான் உதவிக்குக் கூப்பிடுகிறேன் என்றும், முதலில் இந்த வேலையை முடித்துவிட்டு வரலாம் என்றும் நினைத்திருக்கிறான்.

துண்டைத் தூக்கி எறிந்தேன். இரண்டு கைகளையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விரித்துக்கொண்டு நின்றேன். இங்கே பாரு, இங்கே பாருடா, என் ராசா, ஒரே ஒருதரம் என்னைப் பாரு என்று உள்ளுக்குள் அழுதேன்.

பார்த்துவிட்டது. வால் ஆடினது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. தொப்பென்று தண்ணீரில் குதித்தது. நாய் படகில் இருக்கிற எங்கள்மேல் பாயப்போகிறது என்று பயந்தார்களோ என்னவோ, பின்னாலிருந்து கல்லாக வந்து விழுந்தது. ஒன்று அதன் முகத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னொன்று முகத்திலேயே விழுந்தது. தலை ஒருதரம் முங்கி எழுந்தது. எழுந்தும் என் பக்கம்தான் வந்தது. நான் படகிலிருந்து குதித்தேன். கழுத்தளவு தண்ணீரில் அவர்களுக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்ற பிறகுதான் கல் நின்றது.

அதை வாரிப் பிடித்தபோது என் மார்பெல்லாம் ரத்தம். இடது கண் போய்விட்டிருந்தது. அந்த இடத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கிழட்டு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கிக்கொண்டே என் மோவாயை நக்கியது.

பிரபாகரன் முழங்கால் தண்ணீரில் வந்து நின்றான். கையில் பல் பட்ட இடத்தில் துணி சுற்றியிருந்தான். "இது யாரு நாயி, அக்கா?"

"டீச்சர் நாய்டா. வெறியெல்லாம் இல்ல. காது கேக்காது அதுக்கு" என்றது சுபாஷ்.

அவன் முகம் செத்துப்போனது. கட்டையைத் தண்ணீரில் போட்டான். "எங்களுக்கு இன்னாண்ணா தெரியும்? யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றான். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். காலையில் டீச்சரிடம் நான் கேட்டதும் இதே வார்த்தைதான்.

பூரியைப் படகில் கிடத்தி என் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். பொன்னேரியில் மாட்டு டாக்டர் இருக்கிறார், ரோடு இருக்கிற இடம்வரை படகில் போய் அப்புறம் வண்டி பிடிக்கலாம் என்று சுபாஷ் சொன்னது. படகிலேயே கிடந்த என் போனுக்கு ஏரி நடுவில் உயிர் வந்தது. டீச்சர்தான், வீடியோவில் கூப்பிட்டார்.

"எடுக்காதமே" என்றது சுபாஷ். கோலை ஊன்றுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னது. "அவங்க நைனாவ இப்பத்தான் அறுத்துகினு இருப்பாங்க. கெடச்சிடுச்சு, நல்லாகீதுன்னு ஒரு மெசேஜ் போட்டுடு. மிச்சத்த வந்தப்புறம் பாத்துக்கலாம்." அது சொன்னதில் தப்பில்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம் இங்கே யாரும் கெட்ட சேதி சொல்வதில்லை.

எடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தா, பச்சைச் சுவர், நடுவில் வீங்கின முகத்தோடு டீச்சர். நாயின் நல்ல பக்கத்தை அவருக்குக் காட்டினேன். டீச்சர் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பூரி பார்த்தது. படகுப் பலகையில் வால் படபடவென்று அடித்தது. சுபாஷ் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"நல்லா இருக்குல்ல அக்கா? அடி கிடி ஒண்ணும் படலையே? சொல்லுங்கக்கா."

சொல்ல எனக்குக் குரல் இல்லை. தலையை ஆட்டினால் போதும், அவர் நிம்மதியாகப் போய் அப்பாவைப் பார்ப்பார். ஆட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் தலை ஆடவில்லை. பூரியின் தாடையைப் பிடித்து மெதுவாக முகத்தைத் திருப்பினேன். இடது பக்கம் முழுக்க டீச்சருக்குத் தெரிந்தது. இருக்கிற ஒரு கண்ணிலிருந்தும் டீச்சர் மறைந்துபோனதால் அது என் கையில் திமிறியது. விட்டுவிட்டேன். அதுவே திரும்பி மறுபடி போனைப் பார்த்தது.

டீச்சருக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விரித்த கைகளை அவர் மடக்கவில்லை.